பழைய எண்களுக்குப் போன செய்திகள்

அந்தத் திங்கட்கிழமை காலை நான் அடையாறுக்குப் போனது ஒரு சின்னக் கோளாறைச் சரிசெய்ய. மதியத்துக்குள் முடித்துவிட்டு ஈக்காட்டுத்தாங்கலில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்குத் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். சாப்பாட்டு டப்பாவைக்கூட என் மேஜையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

போன இடம் ஒரு மருத்துவப் பரிசோதனை நிலையம். ரத்தம், சிறுநீர், தசைப் பரிசோதனை எல்லாம் செய்கிறவர்கள். மயிலாப்பூரில் பழைய கிளை. தி. நகரில் வேறொருவர் நடத்திக்கொண்டிருந்த நிலையத்தை அவர்கள் வாங்கி இன்னொரு கிளையாக்கியிருந்தார்கள். தலைமை அலுவலகம் அடையாறில். இரண்டு கிளைகளுக்கும் தனித்தனி சர்வர், தனித்தனி நோயாளிப் பட்டியல். மயிலாப்பூரில் பார்த்தவரைத் தி. நகருக்குத் தெரியாது. இரண்டையும் ஒன்றாக்கி அடையாறில் புதிதாக வாங்கிய ஒரே சர்வருக்கு மாற்றித் தரும் வேலையை எங்கள் அலுவலகம் எடுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த மாற்றம் நடந்து முடிந்தது. செய்தவர் என்னைவிட வயதில் சிறியவர். எங்கள் இடத்திலேயே மிகக் கவனமாக வேலை பார்க்கிறவர். ஒரு வரிகூட விடுபடாமல் எல்லாத் தகவல்களும் வந்து சேர்ந்திருந்தன. கிளைகளில் கம்ப்யூட்டர்கள் ஓடின. பில் வந்தது. ரிப்போர்ட் அச்சாயிற்று.

ஒன்று மட்டும் நடக்கவில்லை. ரிப்போர்ட் தயாரானதும் நோயாளியின் செல்போனுக்கு ஒரு செய்தி போகவேண்டும். அது போகவில்லை.

அந்த நிலையத்தை நடத்துகிறவர் ஒரு டாக்டர். அறுபது வயது இருக்கும். வெளிர்நிறக் காட்டன் சேலை, கழுத்தில் கயிற்றோடு மூக்குக்கண்ணாடி. எல்லாரும் டாக்டரம்மா என்றே கூப்பிட்டார்கள். நான் உள்ளே நுழைந்ததும், "காலைலேர்ந்து ரிப்போர்ட் ரெடியா, ரெடியான்னு ஃபோன் மேல ஃபோன். எங்க பொண்ணுங்களுக்கு வேற வேலையே ஓடல. கொஞ்சம் சீக்கிரம் பாருங்கம்மா" என்றார்.

செய்திகளை அனுப்புவது வேறொரு நிறுவனத்தின் சர்வர். நம்முடைய சர்வர் அதைத் தொடர்புகொண்டு, இந்த எண்ணுக்கு இதை அனுப்பு என்று கொடுக்கவேண்டும். புதிய சர்வர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் எடுக்கவே இல்லை. காத்திருந்து காத்திருந்து, தொடர்பு கிடைக்கவில்லை என்று திரும்பிக்கொண்டிருந்தது. அனுப்பவேண்டிய செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் குவிந்து நின்றன.

இந்த மாதிரிக் கோளாறில் எனக்கு ஒருவிதப் பிரியம் உண்டு. தேடினால் கிடைத்துவிடும். முதலில் நம் பக்கம் ஏதாவது தடுக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. அந்த நிறுவனத்துக்கு ஃபோன் போட்டேன். பழைய சர்வர்களின் முகவரியிலிருந்து வருவதை மட்டும்தான் அவர்கள் உள்ளே விடுகிறார்கள். புதிய முகவரியை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொன்னேன், சேர்த்தார்கள். இப்போது தொடர்பு கிடைத்தது, ஆனால் பாஸ்வேர்டு தப்பு என்றது. பாஸ்வேர்டின் கடைசியில் இருந்த ஒரு குறி, மாற்றும்போது கழன்று விழுந்திருந்தது. அதையும் சேர்த்தேன்.

வரிசை நகர ஆரம்பித்தது. திரையில் ஒவ்வொரு வரியாகப் பச்சையானது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒரு சுகம். டாக்டரம்மா பின்னால் வந்து நின்று, "போகுதா?" என்றார். "போகுது டாக்டர்" என்றேன். காபி சொல்லிவிட்டுப் போனார்.

காபி வருவதற்குள் என் கைப்பைக்குள் ஃபோன் அதிர்ந்தது.

எடுத்துப் பார்த்தேன். அந்த நிலையத்தின் பெயரில் ஒரு செய்தி. யாரோ சோதனைக்காக என் எண்ணைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். படித்தேன். என் கணவரின் பெயர். அவருடைய பயாப்ஸி ரிப்போர்ட் தயார். மாலை ஐந்து மணிக்கு மேல் தி. நகர் கிளையில் பெற்றுக்கொள்ளலாம்.

அதே பெயரில் வேறு யாராவது இருப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. இனிஷியலோடு பெயர் இருந்தது. அப்படியும் வேறு யாராவது இருக்கலாம் என்று தோன்றியது. பயாப்ஸி என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முந்தின வாரம் அவர் கழுத்தில், தொண்டைக்குக் கீழே, ஒரு சின்ன பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். "இன்னாது அது?" என்று கேட்டதற்கு, "ஷேவ் பண்றப்ப கீறிக்கிச்சு" என்றார். அந்த இடத்தில் யாரும் ஷேவ் செய்வதில்லை என்பது அடையாறில், அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஃபோனை மேஜையில் கவிழ்த்து வைத்தேன். அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

அவர் ஏசி மெக்கானிக். ஈக்காட்டுத்தாங்கலில் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். காலையில் என்னை அலுவலக வாசலில் இறக்கிவிட்டுத்தான் போவார். அன்றும் அப்படித்தான். வண்டியில் வரும்போது பெட்ரோல் பங்க்கில் நின்ற கூட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். தலைக்குமேல் இப்படி ஒன்று தொங்குகிற ஆள் பெட்ரோல் பங்க்கைப் பற்றி எப்படிப் பேச முடியும் என்று எனக்குப் புரியவே இல்லை.

அப்புறம்தான் அடுத்த கேள்வி வந்தது. எனக்கு ஏன் வந்தது?

அவருக்கென்று சொந்தமாக ஃபோன் இருக்கிறது. என்னிடம் மறைத்துப் பரிசோதனைக்குப் போனவர் என் எண்ணையா கொடுப்பார்? திரையில் அவர் பெயரைத் தேடினேன். ஒரே ஒரு பதிவு இருந்தது; அதில் என் எண். பக்கத்திலேயே ஒரு குறிப்பு: இரண்டு பதிவுகள் ஒன்றாக்கப்பட்டவை. ஒன்று மயிலாப்பூரிலிருந்து வந்தது, இன்னொன்று தி. நகரிலிருந்து.

மயிலாப்பூர்ப் பதிவு எனக்கு ஞாபகம் வந்தது. பல வருஷங்களுக்கு முன், அவருக்கு விடாமல் காய்ச்சல் அடித்தபோது நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பேரும் வயதும் சொன்னது நான், ஃபோன் எண் கொடுத்ததும் நான். இப்போது அந்தக் கிளையில் கவுன்டரில் இருக்கிற பெண் எங்கள் தெருக்காரி. எங்கள் அம்மா மீன் விற்ற காலத்திலிருந்து பழக்கம். அவள் கண்ணில் படக்கூடாது என்றுதான் என் கணவர் தி. நகருக்குப் போயிருக்கவேண்டும். அங்கே தன் எண்ணைத்தான் கொடுத்திருப்பார். இரண்டையும் ஒன்றாக்கியபோது எங்கள் ஆள் பழைய எண்ணை வைத்துக்கொண்டு புதியதை விட்டிருக்கிறார்.

சர்வரை மாற்றிய எங்கள் ஆளுக்கு ஃபோன் போட்டேன். "ஒரே ஆளுக்கு ரெண்டு நம்பர் இருந்தா எத எடுத்தீங்க?"

"பழச, அக்கா. மயிலாப்பூர் நம்பருக்கெல்லாம் வருஷக்கணக்கா மெசேஜ் போய்ச் சேர்ந்துருக்கு. அது வேலை செய்யற நம்பர்னு தெரியும். புதுசுல தப்பா அடிச்சது நெறைய இருக்கும்னு அவங்களே சொன்னாங்க. எல்லாரும் ஓகே பண்ணதுதான் அக்கா. ஏன், எதுனா பிரச்சனையா?"

யோசித்துப் பார்த்தால் அதில் தப்பே இல்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் முடிவு செய்திருப்பேன். ஆனால் அப்புறம்தான் யோசித்தேன். யாருக்கெல்லாம் இரண்டு எண் இருக்கும்? சின்ன வயதில் அப்பாவோ அம்மாவோ கூட்டிவந்து தங்கள் எண்ணைக் கொடுத்தவர்களுக்கு. அவர்கள் இப்போது வளர்ந்து தனியாக வந்திருப்பார்கள். புருஷன் எண்ணில் பதிவாகியிருந்து, இன்று அவனை விட்டு விலகியிருக்கும் பெண்களுக்கு. எண்ணையே மாற்றிக்கொண்டவர்களுக்கு, அந்தப் பழைய எண் இப்போது முன்பின் தெரியாத யார் கையிலோ இருக்கும். மயிலாப்பூரை விட்டுத் தி. நகருக்குப் போனவர்களில் எத்தனை பேர் வேண்டுமென்றே போனவர்கள்?

திரையில் வரிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகிக்கொண்டிருந்தன.

நான் ஒரு மணி நேரம் மெனக்கெட்டு ஏற்படுத்திய தொடர்பை நானே துண்டித்தேன். அவசரத்தில் பாஸ்வேர்டை இரண்டு முறை தப்பாக அடித்தேன். மூன்றாவது தடவைதான் உள்ளே விட்டது. வரிசை நின்றது. ஆனால் பெரும்பகுதி போய்விட்டிருந்தது.

டாக்டரம்மா அறைக்குப் போய்ச் சொன்னேன். அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றினார்.

"மெசேஜ்ல டெஸ்ட் பேரும் போகுதா?"

"போகுது டாக்டர்."

எந்த டெஸ்ட் என்று தெரியவில்லை என ஜனங்கள் ஃபோன் செய்கிறார்கள் என்பதால் பேரைச் சேர்க்கச் சொன்னவர் அவரே. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு விஷயம் டாக்டர்" என்றேன். "இதுல எங்க வீட்டுக்காரர் பேரும் இருக்கு. பயாப்ஸி. எனக்குத் தெரியாது. இப்ப மெசேஜ் வந்துதான் தெரியும்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "ரிப்போர்ட்ட நான் பாத்துச் சொல்லட்டுமா?"

"வேணாம்" என்றேன். நல்ல எண்ணத்தில் அப்படிச் சொன்னேனா என்று எனக்கே தெரியாது. நினைத்தால் நானே பார்த்திருக்கலாம். எல்லா ரிப்போர்ட்டும் என் கண்முன் இருந்த சர்வரில்தான் இருந்தன. ஒரே ஒரு வரி அடித்தால் போதும். அந்த வரியை அடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் வெளியே கவுன்டரில் இருந்த பெண் ஃபோனைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "டாக்டரம்மா, ஒருத்தர் பொண்ணோட டெஸ்ட் இன்னான்னு கேக்கறாரு. நான் சொல்ல மாட்டேன்னுட்டேன். வெக்க மாட்டேங்கறாரு."

டாக்டரம்மா தன் மேஜையிலிருந்த ஃபோனுக்கு மாற்றச் சொல்லி ஸ்பீக்கரில் போட்டார். பின்னணியில் லாரிகளின் சத்தம். ஓர் ஆணின் குரல், நிதானமாக:

"அம்மா, என் பொண்ணு பேரு போட்டு மெசேஜ் வந்துக்கீது. இங்கிலீஷ்ல பீட்டா இன்னாவோ போட்டுக்கீது. உடம்பு சரியில்லன்னு அது எங்கிட்ட சொல்லல. அது இன்னா டெஸ்ட்டு?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அது கர்ப்பமா இல்லையா என்று பார்க்கிற ரத்தப் பரிசோதனை.

"ஃபோன்ல சொல்லக் கூடாதுங்க. சம்பந்தப்பட்டவங்கதான் நேர்ல வரணும்."

"நான் அப்பன்மா. நான் சம்பந்தப்படாதவனா?"

"அதுக்கு இல்லீங்க, இங்க ரூல் அப்படி."

"சரி வுடு. டூட்டில கீறேன். சாயங்காலம் வூட்டுக்குப் போய் அதையே கேட்டுக்கிறேன்" என்று வைத்துவிட்டார். அவர் குரலில் கோபம் இருந்ததாக இன்றும் எனக்குத் தோன்றவில்லை. கவலைப்பட்ட குரல்தான். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"அந்தப் பொண்ணுக்கு உடனே சொல்லணும்" என்றார் டாக்டரம்மா. "நம்பர் எடுங்க."

எடுக்க நம்பர் இல்லை. புதிய சர்வரில் இருந்தது அப்பாவின் எண் மட்டும். அவள் கொடுத்த எண், தி. நகர் கிளையின் பழைய சர்வரில் மட்டுமே இருந்தது. அதை ஞாயிற்றுக்கிழமையே நிறுத்திவிட்டிருந்தார்கள்.

தி. நகர் கிளைக்கு ஃபோன் செய்து, மூலையில் இருக்கும் பழைய பெட்டியைப் போடச் சொன்னேன். போட்டார்கள், விளக்கு எரிகிறது என்றார்கள். அடையாறிலிருந்து அதைத் தொடர்புகொள்ளப் பார்த்தேன். எடுக்கவில்லை. திரும்பவும் பார்த்தேன். ஒருமுறை ஏதோ பதில் வருவதைப்போல வந்தது, ஆனால் அது அந்தச் சர்வர் பேசுகிற மொழியே இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. காலையில் எனக்குப் பிரியமாக இருந்த அதே கோளாறு. இப்போது ஒவ்வொரு முறை தொடர்பு கிடைக்கவில்லை என்று வரும்போதும் அந்த லாரிச் சத்தம் காதில் கேட்டது.

ஆட்டோ பிடித்தேன். கோட்டூர்புரம் பாலம் வரை நன்றாகப் போனது, நந்தனத்தில் மாட்டிக்கொண்டது. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இன்னாம்மா, ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சந்துக்குள் புகுந்து எப்படியோ கொண்டுபோய் விட்டார்.

தி. நகர் கிளை ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, முதல் மாடியில். கவுன்டரில் இருந்தவர் என் வயதுப் பெண், தலை நிறையக் கனகாம்பரம் வைத்திருந்தார். நான் நேராகப் பெட்டி இருந்த மூலைக்குப் போனேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மின்சாரம் வந்தது, கேபிள் செருகியிருந்தது. எதேச்சையாகத் திரும்பியபோது கவுன்டரில் பளபளவென்று ஒரு புது பில் பிரின்டர் தெரிந்தது.

"இது எப்ப வந்துச்சு?"

"நேத்துதான் மேடம் மாட்டிட்டுப் போனாங்க."

பழைய சர்வர் போய்விட்டது என்று அதன் முகவரியைப் பிரின்டருக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரே முகவரியில் இரண்டு பேர். நான் சர்வரைக் கூப்பிட்டபோதெல்லாம் அழைப்பு பிரின்டருக்குப் போயிருந்தது. பிரின்டரின் கேபிளைப் பிடுங்கினேன். அந்த நிமிஷமே சர்வர் பேசியது.

பெண்ணின் எண்ணை எடுத்து டாக்டரம்மாவுக்குச் சொன்னேன். "நீங்களும் லைன்லயே இருங்க. நம்பர் தப்பாருந்தா வேற பாக்கணும்" என்று என்னையும் இணைத்துக்கொண்டு அழைத்தார். அதனால்தான் அந்தப் பேச்சை நான் கேட்க நேர்ந்தது.

பஸ்ஸில் இருந்தாள். கண்டக்டரின் விசில் கேட்டது. டாக்டரம்மா தான் யார் என்று சொல்லி, மெதுவாக விஷயத்தைச் சொன்னார்.

"எங்க அப்பா நம்பருக்கா?" என்றாள்.

"ஆமாம்மா. எங்க தப்புதான். ரொம்ப மன்னிச்சுக்கோ."

"அவுரு நம்பர் நான் குடுக்கவே இல்லியே டாக்டர்."

"நீ குடுக்கல. சின்ன வயசுல மயிலாப்பூர்ல வந்தப்ப குடுத்தது. சிஸ்டம் அத எடுத்துடுச்சு."

விசில். யாரோ டிக்கெட் கேட்டார்கள்.

"ரிசல்ட்டு இன்னான்னு போட்டு இருந்துச்சா?"

"இல்லம்மா. டெஸ்ட் பேரு மட்டும்தான்."

"அது போதுமே. எங்க வூட்டுக்குக் கீழயே மெடிக்கல் கீது. ஃபோனக் காட்டினா சொல்லிடுவாங்க."

டாக்டரம்மா அவளை அடையாறுக்கு வரச் சொன்னார். தானே அப்பாவிடம் பேசுவதாகச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாளா என்று தெரியவில்லை. "ரிசல்ட்டு இன்னா?" என்றாள் கடைசியில். டாக்டரம்மா, "நேர்ல வாம்மா, சொல்றேன்" என்றார். "சரி" என்று வைத்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு மதியம் முழுக்க அந்த மூலையிலேயே உட்கார்ந்திருந்தேன். பழைய எண்ணும் புதிய எண்ணும் வேறுபடுகிறவர்களைப் பிரித்தெடுத்தேன். அதில் செய்தி போய்விட்டவர்களின் பட்டியலை அடையாறுக்கு அனுப்பினேன். டாக்டரம்மாவும் இன்னொரு டாக்டரும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். நிறையப் பேர் சிரித்துவிட்டு, பரவாயில்லை, அம்மா நம்பர்தானே என்றார்களாம். ஒரு பெண்மணி மட்டும் பேசாமல் வைத்துவிட்டு, அதன்பின் எடுக்கவே இல்லையாம். பழைய எண்களை வைத்துக்கொண்ட எங்கள் ஆள் எனக்கு மூன்று தடவை ஃபோன் செய்தார். "அக்கா, நான் எதுனா பண்ணணுமா?" என்று கேட்டார். அவர் குரலே மாறியிருந்தது. எல்லா எண்ணையும் தி. நகர்ப் பக்கத்திலிருந்து எடுத்துத் திருத்துகிற வேலையை இருவருமாக ஃபோனில் பேசிப் பேசிச் செய்தோம். என் கணவரின் பெயரும் அந்த வரிசையில் வந்து போனது. அந்த வரியில் என் எண் அழிந்து அவர் எண் வந்ததை நான் பார்த்தேன். அவரை மட்டும் கூப்பிட வேண்டாம் என்று டாக்டரம்மாவிடம் சொல்லியிருந்தேன்; அன்று மாலை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி அவருக்கு முன்பே சீட்டு கொடுத்திருந்தார்கள்.

ஐந்து மணிக்கு என் கண் வாசலுக்குப் போய்விட்டது. போகலாமா, இருக்கலாமா என்று தெரியவில்லை. செருப்புச் சத்தம் கேட்டது. படியேறி வந்தார். ஒர்க்‌ஷாப் சட்டை, பாக்கெட்டில் டெஸ்டர். கவுன்டரை நெருங்கியவர், அதற்குப் பின்னால் பெட்டியருகே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

"நீ இன்னா இங்க?"

"சர்வர் வேலை. நீ?"

"ஏசி பாக்கக் கூப்ட்டாங்க. அதான்."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. குரல் பிசகவில்லை. காலையில் வந்த செய்தி இல்லாவிட்டால் நான் அதை நம்பியிருப்பேன். எந்த ஏசி என்றுகூடக் கேட்டிருக்க மாட்டேன். அன்று முழுவதும் நடந்ததில் அந்த நொடிதான் என்னை ஆட்டிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுலபமாக எத்தனை சொல்லியிருப்பார் என்று ஒரு நினைப்பு வந்தது. நியாயமில்லாத நினைப்பு. ஆனால் வந்தது.

கவுன்டர்ப் பெண் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"ரிப்போர்ட் வாங்கிக்கோ" என்றேன்.

அவர் முகம் வெளிறியது. கவுன்டர்ப் பெண் பக்கம் திரும்பினார்.

"அவங்க சொல்லல. என் ஃபோனுக்கு வந்துச்சு" என்றேன்.

கவரை வாங்கிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே பாத்திரக் கடையில் யாரோ குக்கர் மூடியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவரை என்னிடம் நீட்டி, "நீயே படி. எனக்குப் புரியாது" என்றார். எனக்கும் பாதி புரியவில்லை. தைராய்டு என்று இருந்தது. புற்று என்பதற்கான சொல் இருந்தது. அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. விரலை வைத்துக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்து, முனையைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலி கீதா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. கட்டி மாரி கையில தட்டுப்பட்டுச்சு. அதான் போய்க் காட்டினேன்."

மறுநாள் டாக்டரம்மாவே அந்த ரிப்போர்ட்டை வாங்கிப் படித்து, இது மெதுவாக வளர்கிற வகை, எடுத்துவிட்டால் போதும் என்று சொன்னார். ஆபரேஷன் நடந்தது. இப்போது அவர் கழுத்தில் ஒரு கோடு இருக்கிறது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறார், வருகிறார்.

அந்தப் பெண் அன்று அடையாறுக்கு வரவில்லை. மறுநாள் தி. நகர் கிளை திறந்ததும் வந்தாளாம், தோளில் பெரிய துணிப்பையோடு. ரிப்போர்ட்டை வாங்கி அங்கேயே பிரித்துப் பார்க்காமல் பைக்குள் வைத்துக்கொண்டாள் என்று கனகாம்பரக்காரம்மா எனக்குச் சொன்னார். அப்பாவின் எண்ணை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அதை நான்தான் எடுத்தேன், மயிலாப்பூர், தி. நகர், அடையாறு, மூன்று இடத்திலும். டாக்டரம்மா இரண்டு முறை அவளுக்கு ஃபோன் செய்தார். ஒருமுறை எடுத்து, நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாளாம். எங்கே இருக்கிறாள் என்று சொல்லவில்லை. அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இப்போது அந்த நிலையத்திலிருந்து போகிற செய்தியில் பேரும் இருக்காது, டெஸ்டும் இருக்காது. எத்தனை பேர் ஃபோன் செய்து கேட்டாலும் சரி என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் அவரிடம் கேட்டேன். கஞ்சியைக் கரண்டியால் ஆற்றிக்கொண்டிருந்தார்.

"மெசேஜ் தப்பா வராம இருந்திருந்தா எப்பச் சொல்லியிருப்பே?"

"ரிசல்ட்டு வந்ததும் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"ரிசல்ட்டுல ஒண்ணுமில்லன்னு வந்திருந்தா?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். பேசும்போது கழுத்து இழுக்கிறது என்பதால் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

"ஒண்ணுமில்லன்னா எதுக்குச் சொல்லணும்?" என்றார்.

நிஜமாகவே கேட்டார். கஞ்சி ஆறிவிட்டது, குடி என்றேன்.